பிழையும் சான்றுதான்: 1825 சந்திர கிரகணக் கணக்கு

ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் பக்கம் பஞ்சாங்கத்துக்கு மனப்பாட வாக்கியமா, காட்சிக்கு ஒத்துத் திருத்திய திருக்கணிதமா என்ற வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. அதில் அதிகம் பேசப்படாத சான்று ஒன்று ஜான் வாரன் 1825இல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலித'த்தில் இருக்கிறது. புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டு மே 31 – ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். பிழை ஸ்பரிசத்தில் (தொடக்கம்) +4 நிமிடம், மத்தியத்தில் (நடு) −23, மோட்சத்தில் (முடிவு) −52. 1952இல் 'தமிழ் வானியல்' என்ற தலைப்பிலேயே கட்டுரை எழுதிய வானியல் வரலாற்றாளர் ஓட்டோ நியூகபவர் இவ்வெண்களை அறிந்தவர். ஆனால் துல்லியம் தமக்கு முக்கியமல்ல, பாபிலோனிலிருந்து ஒரு மரபு 1825 வரை அறுபடாமல் வந்ததே முக்கியம் என்று கடந்துவிட்டார். அவரோடு நான் முரண்படுவது இந்த இடத்தில்தான்.

+4க்கும் −52க்கும் சராசரி −24. மத்தியப் பிழை −23. ஆகவே இவை அள்ளித் தெளித்த எண்கள் அல்ல. இவற்றுள் இரண்டு தனிப் பிழைகள் கலந்திருக்கின்றன. மத்தியம் நகர்ந்தது சந்திர ஸ்புடத்தின் (சந்திரனின் உண்மைத் தீர்க்கரேகையின்) பிழை. அது வாக்கியத்திலிருந்து வரக்கூடியது. கிரகண காலம் 56 நிமிடம் மாறியதோ வேறு வகை: சந்திரனின் விட்சேபம் (சூரியப் பாதையிலிருந்து விலகல்), ராகுவின் இருப்பு, பூமி நிழலின் விட்டம் ஆகியவற்றைச் சார்ந்தது. 248 சந்திர வாக்கியங்கள் இவற்றைச் சொல்வதில்லை. 248 நாளில் சந்திரன் 9 முறை தன் மந்த கதிக்குத் திரும்புவதை வைத்து ஸ்புடத்தை மட்டுமே தருகின்றன. அந்த 248க்குப் பாபிலோனிய உறவு உண்டென்பதை மறுக்கவில்லை. ஆனால் கிரகணக் கணக்கின் மறுபாதி வேறு கைகளில் உருவாகியிருக்கலாம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியதாகக் கருதப்படும், வாக்கிய முறையை விளக்கும் 'வாக்கியகரண' நூலின் ஆண்டே உறுதிப்படாத நிலையில், முழுக் கணக்கையும் ஒரே கயிற்றில் கோப்பது அவசரம்.

கிரகணத்தைப் பார்த்துக் குறித்த நேரமே தவறாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். கருநிழலின் விளிம்பு கோடு போலத் தெரிவதில்லை, புகை போலக் கலங்கித்தான் தெரியும். நம் காற்று மண்டலமும் அந்நிழலைச் சுமார் 2 விழுக்காடு பெருக்கிவிடும். 60 மி.மீ. தொலைநோக்கியே சந்திரனில் 20 கி.மீ. பள்ளத்தைக் காட்டிவிடும், ஆனால் 150 மி.மீ. கருவியில் உருப்பெருக்கத்தைக் கூட்டினால் பள்ளம் தெளியும், நிழல் விளிம்பு இன்னும் மங்கும். இதனால் ஓரிரு நிமிடம் தடுமாறலாம், 56 நிமிடம் தடுமாறாது. இதே அளவுகோல் வாக்கியத்தைப் போற்றுவோர் காட்டும் சான்றுக்கும் பொருந்தும். புதுச்சேரியில் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில் சோதித்த தமிழ்க் கணக்கு 1765 ஆகஸ்ட் 30 கிரகண காலத்தில் 41 விநாடியே பிசகியது, ஐரோப்பிய வானியலாளர் தோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி பிசகியது என்று பெருமையாகச் சொல்வார்கள். 41 விநாடியை இரு முனைக்கும் பங்கிட்டால் முனைக்குச் சுமார் 10 விகலை, அதாவது சந்திர வட்டத்தில் ஏறக்குறைய 180இல் ஒரு பங்கு. கலங்கிய விளிம்பில் இதை யார் பிரித்துக் காண்பது? அந்த வெற்றி தற்செயலாகவும் இருக்கலாம். 1825இன் தோல்விக்குத் தற்செயல் காரணமாகாது. சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி பின்னாளில் திருக்கணிதத்துக்காக வாதாடியதன் நியாயம் எனக்கு இங்கேதான் புலப்படுகிறது.

விளிம்பில் எவ்வளவு தடுமாறுகிறோம் என்பதை நாமே சோதிக்கலாம்: 2028 டிசம்பர் 31 இரவு முழுச் சந்திர கிரகணம். மத்தியம் சுமார் 10.22 மணி. திருவானைக்காவல் மொட்டைமாடியில் சிறியதும் பெரியதுமாக இரண்டு தொலைநோக்கிகளை வைத்து, இருவர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் ஸ்பரிசத்தையும் மோட்சத்தையும் குறித்துவைக்க வேண்டுகிறேன்.