மாதிரி நூலும் கைத்தறியும்

தமிழ்நாட்டு நெசவாளர் நலிந்த வரலாற்றைக் கூறுவோர் மான்செஸ்டர் நீராவித் தறியோடு நிறுத்திவிடுவர். ஒரு மாதிரி நூலுக்கும் அதில் பங்குண்டு என்பதை மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

இலண்டனில் இந்தியப் பொருள்களை ஆராயும் பொறுப்பில் இருந்த ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன், 1866ஆம் ஆண்டில் இந்தியத் துணிகளின் 700 துண்டுகளை 18 தொகுதிகளில் ஒட்டி வெளியிட்டார். ஆக்கப்பெற்றவை 20 படிகள். அவற்றுள் 13 பிரிட்டனுக்கும் 7 இந்தியாவுக்கும் என ஒதுக்கப்பட்டன. சேலை, வேட்டி, தலைப்பாகை இவற்றின் அளவும் நிறமும் கரையும் அவற்றில் விளங்கின. இந்தியர் விரும்பி உடுப்பது எது என்பதைப் பிரிட்டிஷ் ஆலையதிபர் அறிந்து நெய்தல் வேண்டும் என்பதே நோக்கம். தலைமுறைகள் தேடிய அறிவு, நெசவாளர்க்கு ஒரு காசும் ஈட்டாமல் போட்டியாளர் கைக்குப் போயிற்று.

இன்று போலி செய்வது விசைத்தறி. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து இணைப்பர். அதற்குத் தறியில் இருவர் வேண்டும். அந்தக் கூலியைப் போலி ஏற்பதில்லை. ஆகவே மலிவாக விற்கிறது.

சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய சட்டம் 1985இல் வந்தது. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு, அதன்கீழ்க் காஞ்சிபுரப் பட்டும் பதிவு பெற்றது. ஆயினும் சட்டம் காப்பது பெயரை. வாங்குவோர் கண்ணே தொழிலைக் காக்கும். கிராஞ்சியிலிருந்து தேக்காவுக்குச் சென்று சேலை எடுப்போர், விலையைக் கேட்குமுன் துணியைப் புரட்டிக் கரை இணையும் இடத்தைப் பார்ப்பாராக. அந்த இணைப்பில் இருவர் உழைப்பு இருக்கிறது.