பழைய மோட்டார் வண்டியும் பழுதுச் செலவும்



வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் கோட்டைகளுமே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் வரலாறு கற்பித்த நான், மோட்டார்ப் பட்டறையில் எழுதித் தரும் பழுதுச் சீட்டும் ஒரு வரலாற்று ஆவணமே என்று கூறினால் தாங்கள் நகைக்கக்கூடும். ஆயினும், எந்தப் பழுது எக்காலத்தில் எளிதில் நீங்கியது, எக்காலத்தில் கைக்கு எட்டாததாயிற்று என்று ஆராய்ந்தால், நாட்டின் கைத்தொழிலும் வாணிகமும் அரசின் கொள்கையும் அச்சீட்டில் பதிந்திருக்கக் காணலாம். அரை நூற்றாண்டுக்கு மேல் நம் சாலைகளில் ஓடிய அம்பாசிடர் வண்டியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரை அடுத்த கௌலியில் செய்யப்பெற்ற மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியே இதற்கு மூலம். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதி தொடங்கி 2014 மே மாதம் வரை இதனைச் செய்து வந்தனர். 1959ஆம் ஆண்டு முதல் கார் விற்பனை அரசின் கட்டுப்பாட்டு ஆணைக்கு உட்பட்டிருந்தது. பணம் கட்டிப் பதிந்தவர்களும் புது வண்டிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அந்நிலையில் பழைய வண்டியின் மதிப்பு எவ்வாறு குறையும்? அதனைக் கழிப்பதைவிடப் பன்முறை பழுதுபார்த்து ஓட்டுவதே சிக்கனமாயிற்று.

அதற்கு வேண்டிய உதிரிப் பாகங்களும் உள்நாட்டிலேயே கிடைக்கலாயின. இறக்குமதி செய்த பாகங்களைப் பூட்டி மட்டும் விற்போருக்கு இனி இடமில்லை என்று 1953இல் அரசு முடிவு செய்தபின், அமெரிக்க நிறுவனங்களான ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்நாட்டுத் தொழிற்சாலைகளை மூடிச் சென்றன. அதே காலத்தில் சென்னை, உதிரிப் பாகங்களின் நகரமாக வளர்ந்தது. 1949இல் தோன்றிய இந்தியா பிஸ்டன்ஸ், 1961இல் தோன்றிய லூக்காஸ் டி.வி.எஸ்., அதற்கு அடுத்த ஆண்டில் தோன்றிய பிரேக்ஸ் இந்தியா ஆகியவை அவ்வளர்ச்சியின் அடையாளங்கள். புதியது வாங்க இயலாதார்க்குப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகள் துணை நின்றன.

இனி, அவ்வண்டிக்கு வழக்கமாக நேரும் பழுதுகளைக் காண்போம். முதலாவது எஞ்சின். 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடைய பெட்ரோல் எஞ்சினே நெடுங்காலம் இதில் பொருத்தப்பட்டது. ரிங்குகள் தேய்ந்தால் எண்ணெய் எரிந்து நீலப் புகை வரும். அப்போது சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்திச் சற்றுப் பெரிய பிஸ்டன் இடுவர், இதுவே ரீபோர். ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் 10, 20, 30, 40 கூறுகள் எனப் படிப்படியாகக் கடையலாம். அதற்கு மேல் சுவர் இடந்தராது. புதிய ஸ்லீவ் இறக்க வேண்டும். ஆகவே, பழைய வண்டி வாங்குவோர் எத்தனை முறை ரீபோர் ஆயிற்று என்று கேட்டறிதல் நன்று.

இரண்டாவது, கிளட்ச். தட்டின் விலை பெரிதன்று. அதனை அடையக் கியர்ப் பெட்டியை இறக்க வேண்டியிருப்பதால் கூலியே மிகுதி. இறக்கியபோதே ரிலீஸ் பேரிங்கையும் பிரஷர் பிளேட்டையும் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றிவிடுவதே அறிவுடைமை. அதை விடுத்து மிச்சம் பிடிப்பவர் அதே கூலியை மறுமுறையும் தருவார்.

மூன்றாவது, ஸ்டியரிங்கை ஒட்டிய கியர்க் கம்பி. அதன் இணைப்புகள் தேய்ந்தால் நடுச் சாலையில் கியர் சிக்கிக்கொள்ளும். ஓட்டுநர் இறங்கிப் பானட்டைத் திறந்து கையால் கம்பிகளை விடுவிக்கும் காட்சி அன்று அரிதன்று. நான்காவது, முன் சக்கரங்களைத் தாங்கும் மூட்டுகள். உரிய காலத்தில் கிரீஸ் ஏற்றினால் பல்லாண்டு உழைக்கும். மறந்தால் சில மாதங்களில் ஆட்டம் காணும்.

ஐந்தாவது துரு. இதுவே அனைத்திலும் கொடியது. இவ்வண்டிக்குத் தனிச் சட்டம் கிடையாது. தளமும் பக்கங்களும் கூடிய கூடே பாரத்தைத் தாங்குகிறது. தளத்தில் துரு ஏறினால் வண்டியின் முதுகெலும்பே நைந்தது என்று பொருள். வெட்டி ஒட்டுப் போடுவதற்குப் பல நாள் டிங்கரிங் வேலை பிடிக்கும். பளபளக்கும் வண்ணத்தைக் கண்டு மயங்காமல், தரை விரிப்பைத் தூக்கிப் பார்ப்பது நலம்.

இவையன்றி, வண்டி தன் இயல்பில் நில்லாமல் காலம் மாறியதால் விளைந்த பழுதுகளும் உள. முன்பு பெட்ரோலில் கலந்திருந்த ஈயம், எஞ்சினின் வால்வு இருக்கைகள் தேயாமல் காத்து வந்தது. மக்களின் உடல்நலங் கருதி 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. அது நல்ல முடிவே. ஆனால் பழைய எஞ்சின்களுக்குக் கடினமான உலோக இருக்கைகளைக் கடைந்து பொருத்தும் செலவு புதிதாக வந்தது. 2025இல் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காட்டை எட்டியது. பழைய ரப்பர்க் குழாய்களுக்கு அது ஒவ்வாது. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் 2022இல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது.

இவற்றினும் பெரிய மாற்றம் ஒன்றுண்டு. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபின் புது வண்டி மெல்ல மெல்ல எளிதிற் கிடைக்கலாயிற்று. பழுதுபார்ப்போரின் தேவை குறைந்தது. எங்கள் ஊரில் பட்டறை வைத்துள்ள என் பழைய மாணவர் ஒருவர், எஞ்சினின் ஓசையைக் கேட்ட மாத்திரத்தில் எந்த வால்வு தளர்ந்தது என்று சொல்லிவிடுவார். பள்ளியில் அவர் கணக்கில் பின்தங்கியவர். ஆயிரத்தில் ஒரு கூறு அளவையோ இன்று விரல் நுனியால் உணர்கிறார். "ஐயா, பாகம் எங்கிருந்தாவது தேடி வாங்கிவிடலாம், தொழிலைக் கற்றுக்கொள்ளத்தான் பையன்கள் வருவதில்லை" என்றார் அவர். அவரிடம் பயின்ற கடைசிப் பையனும் இருசக்கர வண்டி விற்பனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

நேயர்களே, முற்காலத்தில் கைத்திறன் மலிவாகவும் புது வண்டி அரிதாகவும் இருந்தன; இன்று அந்நிலை தலைகீழாயிற்று. பழைய வண்டியின் விலை குறைவு என்பது உண்மையே. எனினும், யானையை வாங்குவது எளிது, அதனைக் கட்டித் தீனி போடுவதே அரிது என்பதை மறத்தல் ஆகாது. சேமித்த பணத்தைக் கொண்டு அத்தகைய வண்டியை வாங்க விழையும் இளைஞர்கள், விலை என்ன என்று கேட்பதற்கு முன் இதனைப் பழுதுபார்க்க வல்லவர் எங்குள்ளார் என்று கேட்பாராக. அவரைக் கண்டால் கூலியைக் குறைக்க வாதாடாமல், கைவேலையில் நாட்டமுள்ள ஒரு பையனை அவரிடம் அனுப்பி வைப்பாராக.