கிர்நார்ப் பாறையில் ஓர் ஏரியின் வரலாறு

சோமநாதத்திற்கு யாத்திரை செல்லும் தமிழன்பர்களுள் பலர் ஜூனாகட் வழியாகச் சென்றிருப்பர். அந்நகருக்குக் கிழக்கே கிர்நார் மலை ஓங்கி நிற்கிறது. ஊரிலிருந்து மலையடிவாரத்திற்குச் செல்லும் சாலையோரத்தில், ஒரு சிறு கட்டடத்தினுள், பெரும்பாறை ஒன்று இருக்கிறது. மலையேறும் விரைவில் அதனைப் பாராமலே செல்வோர் பலர். தெய்வத்தைக் காணச் செல்வோரைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் ஒரு நாழிகை அங்கே நின்று செல்வது வீண்போகாது. மனிதன் நீரைத் தேக்கியதும், தேக்கிய நீர் அவனை மீறிச் சென்றதும், மீண்டும் அவன் கரை கட்டியதுமாகிய ஏழரை நூற்றாண்டுக் கதை அப்பாறையில் எழுதப்பட்டிருக்கிறது.

பாறையில் மூன்று காலத்து எழுத்துகள் உள்ளன. முதலாவது அசோகரின் 14 சாசனங்கள். பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் அமைந்தவை. அவற்றுள் இரண்டாவது சாசனம் நமக்கு நெருங்கிய உறவுடையது. மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்யப்பட்டதையும், வழிகளில் கிணறுகள் தோண்டி மரங்கள் நடப்பட்டதையும் கூறும் அச்சாசனம், சோழரையும் பாண்டியரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தாயகத்திலிருந்து நெடுந்தொலைவில், கத்தியவார் நாட்டுப் பாறையொன்றில், 2,200 ஆண்டுகளுக்கு மேலாக அப்பெயர்கள் நிற்கின்றன. அதனை அறிந்து பார்ப்பவர்க்கு அந்த இடம் அயலூராகத் தோன்றாது.

ஏரியின் செய்தியைச் சொல்வது அசோகர் சாசனம் அன்று. அதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின்னர், சகர் மரபில் வந்த மகாக்ஷத்ரபன் ருத்திரதாமன் வெட்டுவித்த சாசனமே அதனை முதன்முதலாகச் சொல்கிறது. சந்திரகுப்த மௌரியர் காலத்தில், அந்நாட்டை ஆண்ட அதிகாரியாகிய புஷ்யகுப்தன் என்னும் வைசியன் மலையாறுகளை மறித்து ஏரி அமைத்தான். அசோகர் காலத்தில் துஷாஸ்பன் என்னும் யவன அதிகாரி அதற்குக் கால்வாய்கள் அமைத்தான். ஏரிக்குச் சுதர்சனம் என்று பெயர். காட்சிக்கு இனியது என்பது பொருள். இடைவெளியின்றி இணைத்த கரை, நீர் செல்லும் மடை, மிகுநீர் வழியும் கலிங்கு, கசடு சேராதபடி காக்கும் ஏற்பாடு ஆகிய யாவும் அதற்கு இருந்தனவாம். நம் ஊர் ஏரிக்கு வேண்டியவையாக நம் உழவர் சொல்லக்கூடியவையும் இவையே.

இத்துணைக் காப்பு இருந்தும் ஏரி உடைந்தது. அது கி.பி. 150-ஆம் ஆண்டை ஒட்டிய காலம். சாசனக் கணக்கில் 72-ஆம் ஆண்டு, மார்க்கசீரிஷ மாதத்துத் தேய்பிறைப் பிரதமை. சௌராஷ்டிரத்தின் மழைக்காலம் கடந்து, யாரும் பெருமழையை எதிர்பாராத பருவம் அது. ஊழிக்காலம் போல மழை கொட்டியது. பெருங்காற்று மலைமுகடுகளையும் மரங்களையும் மாடங்களையும் வாயில்களையும் வீழ்த்தியது. கரையில் ஏற்பட்ட உடைப்பு 420 முழ நீளம், அதே அளவு அகலம், 75 முழ ஆழம் என்று சாசனம் அளந்து கூறுகிறது. முழத்தை ஒன்றரை அடியாகக் கொண்டால், அது 630 அடி நீளமும் நூறடிக்கு மேற்பட்ட ஆழமும் உடைய பெரும்பள்ளம். நீர் முழுவதும் வெளியேறிவிட்டது. சுதர்சனம், பாலைநிலம் போன்ற துர்தர்சனம் ஆயிற்று என்று சாசனத்தை இயற்றியவர் எழுதுகிறார். அளவைக் கணக்கெழுதுவோனைப் போலக் குறித்தவர், அடுத்த கணமே சொல்லை மாற்றிப் புலவராகிவிடுகிறார்.

புலவர் என்றதற்குக் காரணம் உண்டு. சமஸ்கிருதத்தில் நீண்ட உரைநடையாக அமைந்த கல்வெட்டுகளுள், இன்று நமக்குத் தெரிந்தவரை, இதுவே முற்பட்டது. அதற்கு முன்னர் அரசர்களின் சாசனங்கள் பெரும்பாலும் பிராகிருதத்திலேயே அமைந்தன. நீண்ட தொடர்களும் அணிநயமும் கொண்ட அந்நடை, காவிய மரபு அக்காலத்திலேயே வேரூன்றியிருந்தது என்பதற்குச் சான்றாக இலக்கிய வரலாற்றாசிரியர்களால் எடுத்துக்காட்டப்படுகிறது. அத்தகைய உரைநடையை அம்மன்னன் எதற்குப் பயன்படுத்தினான் என்பது கருதத்தக்கது. அவன் போர்களில் வென்றவன்தான். அவ்வெற்றிகளும் சாசனத்தில் இடம்பெறுகின்றன. எனினும் சாசனம் ஏரியில் தொடங்கி ஏரியில் முடிகிறது. வெற்றிகள் அதன் நடுவே வருகின்றன.

ஏரியைத் திருத்துவது எளிதாக இருக்கவில்லை. உடைப்பின் பெருமையைக் கண்ட அமைச்சர்கள், ஆலோசனை கூறுவோரும் காரியம் நடத்துவோருமாகிய இருதிறத்தாரும், அம்முயற்சியில் ஊக்கமின்றி மறுத்துவிட்டனர். கரை மீண்டும் எழாது என்று அறிந்த மக்கள் ஓவென்று அரற்றினர். தன்னைப் புகழ்ந்து மன்னன் வெட்டுவித்த சாசனத்தில் எல்லாவற்றையும் அப்படியே நம்பவேண்டுவதில்லை என்பது உண்மையே. ஆனால், தன் அமைச்சர்கள் மறுத்தனர் என்பதை எந்த மன்னனும் புகழுக்காக எழுதிவைக்கமாட்டான். ஆதலின் இதனை நம்பலாம்.

நகரத்தாரையும் நாட்டாரையும் வரியாலும், கட்டாய வேலையாலும், நன்கொடை என்னும் பெயரில் வாங்கும் பணத்தாலும் வருத்தாமல், தன் கருவூலத்துப் பொருளைக் கொண்டே, முன்னினும் மும்மடங்கு வலிய கரையை எழுப்பியதாக மன்னன் கூறுகிறான். கட்டாய வேலைக்குச் சாசனம் வழங்கும் சொல் ‘விஷ்டி’. சோழர் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்று வருவது இதன் திரிபே என்பர். இன்று நாம் பயனற்ற வேலையை வெட்டிவேலை என்கிறோம். கூலியின்றி மண் சுமந்த தோள்களின் நினைவு அச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது போலும். பண்டைக் காலத்தில் ஏரிகளும் கோட்டைகளும் எவர் உழைப்பால் எழுந்தன என்பதை எண்ணினால், வெட்டி வாங்கவில்லை என்று ஒரு மன்னன் பெருமை பாராட்டியதன் பொருள் விளங்கும். அவன் சொல்லைக் காத்தானா என்று மண் சுமந்தவர்கள் எழுதிவைத்த சாசனம் ஏதும் இல்லை.

வேலையை முடித்தவன் சுவிசாகன் என்பான். ஆனர்த்த, சௌராஷ்டிர நாடுகளை ஆள அமர்த்தப்பட்ட பஹ்லவன். இவ்வேரியைப் பேணியோரை வரிசையாக நினைத்துப் பாருங்கள்: வைசியன் ஒருவன், யவனன் ஒருவன், பாரசீகப் பக்கத்திலிருந்து வந்த குலத்தான் ஒருவன், இவர்களுக்கு மேல் சக மரபினனான ஓர் அரசன். அயலிலிருந்து வந்தோர் என்று வேறுபடுத்தத்தக்கவர்களே இவர்களுள் பலர். வேற்று மாநிலத்தில் பிழைப்பை நாடி வந்து, அங்குள்ள தண்ணீரைக் குடித்து வாழும் நம்மனோர்க்கு இவ்வரிசை ஒரு தனி நெருக்கத்தைத் தருகிறது.

நீரைத் தேக்குவதே அரசனின் நிலைத்த புகழுக்கு வழி என்னும் கருத்து நம் சங்க இலக்கியத்திலும் உண்டு. புறநானூற்றின் 18-ஆம் பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அதனையே அறிவுறுத்துகிறார். உணவென்பது நிலமும் நீரும் கூடியது என்னும் அவர் விளக்கத்தில் ஓர் உழவனின் தெளிவு இருக்கிறது. ஆயினும் ஒரு வேற்றுமையைக் கூறாமல் விடுதல் கூடாது. கிர்நார் ஏரி உடைந்தபோதெல்லாம் அதன் கதி ஆளுநரையும் அரசனையும் எதிர்நோக்கியிருந்தது. பிற்காலத் தமிழகத்தில் ஊர்ச்சபையே ஏரியைப் பார்த்துக்கொண்டது. முதற் பராந்தக சோழர் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, கி.பி. 921-இல், ஏரி வாரியத்திற்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்துரைக்கிறது. ஆண்டுதோறும் தூர் எடுக்கவும் கரையை உயர்த்தவும் வேண்டிய ஒரு பொருளுக்கு எம்முறை ஏற்றது என்பதை, ஏரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அறிவர்.

ருத்திரதாமன் எழுப்பிய கரை சுமார் முந்நூறு ஆண்டுகள் நின்றது. கி.பி. 455-ஐ ஒட்டி, குப்தர் ஆண்டு 136-இல், ஓர் இரவில் பெருமழையால் மீண்டும் உடைந்தது. அச்செய்தியைக் கூறும் மூன்றாவது சாசனம் செய்யுளாகவே அமைந்தது. மலையில் பிறந்த ஆறுகள், நெடுநாள் சிறையிருந்து விடுபட்ட மகளிர் கணவனிடம் செல்வதுபோல், கடலை நோக்கிச் சென்றன என்று அதன் புலவர் பாடுகிறார். அழகிய கற்பனைதான், ஆனால் பின்னர் அவரே ஊருக்குள் வந்துவிடுகிறார். இனி என்ன செய்வது, எப்படிச் செய்வது என்று ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு, முன்னிரவிலும் பின்னிரவிலும் உறக்கமின்றி மக்கள் தவித்தனர் என்கிறார்.

அப்போது ஸ்கந்தகுப்தனின் ஆளுநராக இருந்தவன் பர்ணதத்தன். நகரைக் காத்தவன் அவன் மகன் சக்கரபாலிதன். மறு ஆண்டுக் கோடையில், இரண்டே மாதத்தில், 100 முழ நீளமும் 68 முழ அகலமும் ஏழாள் உயரமும் உடைய கரையை மகன் கட்டி முடித்தான். நகரம் மக்கள் நிறைந்து வாழ்க, இடர்களும் பஞ்சமும் அணுகாதிருக்க என்று புலவர் வேண்டுகிறார். வேண்டியது நூறாண்டுக்கு மட்டுமே.

அதற்குப் பின் அப்பாறையில் ஏரியைப் பற்றி எவரும் எதுவும் எழுதவில்லை. இன்று அங்கே ஏரி இல்லை. மலையேறுவோர் செல்லும் சாலை இருக்கிறது.