கொங்கு நாட்டில் அன்றாட ஆங்கிலம் பரவிய வரலாறு

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டபோது, கோயம்புத்தூர் மாவட்டத்தில் 763 பள்ளிகளும் அவற்றில் 8,206 மாணவர்களும் இருப்பதாகக் கலெக்டர் ஜான் சல்லிவன் அறிக்கை அனுப்பினார். அந்நாளில் பெருந்துறை இம்மாவட்டத்தின் தாலுக்காக்களுள் ஒன்று. திண்ணைப் பள்ளிக் கல்வியில் எண்சுவடியோடு நிகண்டும், அதாவது ஒருபொருள் குறித்த பல சொற்களைச் செய்யுளாகத் தொகுத்த நூலும், மனப்பாடப் பாடமாக இருந்தது. பிற்காலத்தில் ஆங்கிலச் சொல்லையும் தமிழ்ப் பொருளையும் இணையிணையாக ஒப்பிக்கும் வழக்கம் வேரூன்றியதற்கு, அயலவர் கொணர்ந்த முறையைவிட இந்தப் பழைய பயிற்சியே பெரிதும் காரணமாயிருக்க வேண்டும்.

லண்டன் மிஷன் சார்பில் 1830-இல் கோவைக்கு வந்த ஆடிஸின் பள்ளிகளும், 1852-இல் ஒரு பள்ளியாகத் தோன்றி அரசு கலைக் கல்லூரியாக வளர்ந்த நிறுவனமும் ஆங்கிலக் கல்விக்கு வித்திட்டன. எனினும் அக்கல்வி சிலருக்கே எட்டியது. ஈரோடு வழியாக மேற்குக் கடற்கரை வரை செல்லும் இருப்புப்பாதை 1862-இல் நிறைவுற்ற பின், டிக்கெட், சிக்னல், கார்டு போன்ற சொற்கள் பள்ளிப் படியை மிதியாதவர் நாவிலும் ஏறின.

ஊர்ப்புறப் பள்ளிகளுக்கு ஆங்கிலத்தை முறையாகக் கொண்டுசெல்லும் பெருமுயற்சி 1959-இல் சென்னை மாநில அரசும் பிரிட்டிஷ் கவுன்சிலும் இணைந்து தொடங்கிய ஆசிரியர் பயிற்சித் திட்டமேயாகும். முதலில் பயிற்சி பெற்ற சிலர் மற்றவர்க்குக் கற்பிக்க, அவர்கள் மேலும் பலர்க்குக் கற்பிக்கும் வகையில் 27,000 ஆசிரியர்களை எட்டத் திட்டமிட்டமையால், உருள உருளப் பெருகும் பனிப்பந்தின் பெயரால் அது வழங்கப்பட்டது. அமைப்பு முறை எனப்படும் அதன் போதனை, வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து படிப்படியாக வரிசைப்படுத்தி, அளவான சொற்களைக் கொண்டு, எழுதுவதற்கு முன் பேசவைப்பது. ஆசிரியர் புத்தகத்தை மேசைமேல் வைத்துக்கொண்டே அச்செயலை ஆங்கிலத்தில் சொல்ல, மாணவர் அதைத் திருப்பிச் சொல்வர். அளவான சொற்கள் என்னும் கருத்துக்கு, வங்காளத்தில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட சுமார் 2,000 சொற்களின் பட்டியல் புகழ்பெற்ற சான்றாகும். நோக்கம் போற்றத்தக்கதே, ஆயினும் கைமாறிக் கைமாறி வரும் பயிற்சி, தாமே ஆங்கிலம் பேசிப் பழகாத ஆசிரியரை அடையும்போது வெறும் வாய்பாடாகச் சுருங்குவது இயல்பு.

பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமுமே போதும் என்று 1968 சனவரியில் சட்டமன்றம் தீர்மானித்தபின், பள்ளியில் கைவராத ஆங்கிலத்தைப் பெரியவர்கள் வேறிடத்தில் தேடினர். 1929-இல் தொடங்கப்பட்ட லிப்கோ நிறுவனத்தின் அகராதியும், பாலாஜி பதிப்பகத்தின் முப்பது நாளில் மொழி கற்பிக்கும் நூல்களும், ரேபிடெக்ஸ் ஆங்கிலப் பயிற்சி நூலின் தமிழ்ப் பதிப்பும் கடிதம் எழுதுதல், கடையில் பேசுதல், நேர்முகத் தேர்வு எனத் தேவைக்கேற்பத் தொடர்களை வகுத்துத் தமிழ்வழியே கற்பித்தன. நிகண்டின் மனப்பாடமும் அமைப்பு முறையின் வாக்கியப் பயிற்சியும் இந்நூல்களில்தான் ஒன்றுசேர்ந்தன. அவற்றோடு, ஓவர்லாக், செக்கிங், சாம்பிள், ஷிப்மெண்ட் என்று திருப்பூர் பனியன் கம்பெனிகளும் பெருந்துறை சிப்காட் ஆலைகளும் தொழிலோடு சேர்த்துப் புகட்டும் சொற்களையும் எண்ணினால், இவ்வட்டாரத்தில் ஆங்கிலம் பரவியதில் வகுப்பறைக்கு வெளியே நிகழ்ந்த கல்வியின் பங்கு சிறிதன்று என்பது விளங்கும்.

ஆயினும் கல்வி வரலாற்று நூல்கள் பள்ளிகளையும் ஆணைகளையுமே பேசுகின்றன; மலிவுத் தாளில் அச்சாகிக் கிழிந்துபோகும் இக்கையேடுகளைப் பேணுவார் அரியர். பழைய பதிப்புகளை வீட்டில் வைத்திருப்போர் அவற்றை எடைக்குப் போடாமல் அருகிலுள்ள நூலகங்களுக்கு அளிக்க வேண்டும்.