சும்மா கிடைத்த மென்பொருளும் கூடவே வரும் பெயரும்

சிம்பாங் பூலாயில் மளிகைக் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்து விற்கும் தம்பி ஒருவர் அரங்கில் எழுந்து கேட்டார்: "ஐயா, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் திறமூல நிரல்களைச் சேர்த்துத்தான் செய்கிறேன். அவற்றின் தலைப்பில் யார் யார் பெயரோ, உரிம வாசகமோ நீளமாக இருக்கிறது. வாடிக்கையாளர் படிக்கப் போவதில்லை. எடுத்துவிட்டால் என்ன?"

அன்பர்களே, இதற்கு அமெரிக்காவில் ஒரு பொம்மை ரயில் பதில் சொல்லியிருக்கிறது.

மாதிரி ரயில்களைக் கணினி வழி இயக்கும் மென்பொருளை ராபர்ட் ஜேக்கப்சன் என்ற இயற்பியலாளரும் குழுவினரும் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். மேத்யூ கேட்சர் என்பவரின் நிறுவனம் அதன் கோப்புகளைத் தன் விற்பனைப் பொருளில் சேர்த்தது. எழுதியவர் பெயர், பதிப்புரிமைக் குறிப்பு, எங்கே எடுத்தது, எதை மாற்றியது, ஒன்றும் அதில் இல்லை. வழக்கு நடந்தது. ஒப்பந்த மீறலாக இருக்கலாம், பதிப்புரிமை மீறல் அல்ல என்று 2007-இல் கீழ்நீதிமன்றம் தடையாணை தர மறுத்தது. 2008 ஆகஸ்ட் 13-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காசு வாங்காமல் கொடுத்தாலும், பெயரைப் போடு என்பது அனுமதிக்கு இட்ட நிபந்தனை. அதை மீறி விநியோகித்தால் பதிப்புரிமை மீறலாகும் என்பது அதன் முடிவு. 2010-இல் ஒரு லட்சம் டாலருக்குச் சமரசமானது.

பெயர் போடுவதிலும் அளவு மீறியதுண்டு. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பழைய பிஎஸ்டி உரிமம், விளம்பரத்திலும் தன் பெயரைச் சொல்லச் சொன்னது. மற்றவர்களும் அதைப் பார்த்துத் தத்தம் பெயரை எழுதிக்கொண்டார்கள். 1997-ஆம் ஆண்டு நெட்பிஎஸ்டி ஒன்றில் இப்படி 75 வாசகங்களை ரிச்சர்ட் ஸ்டால்மன் எண்ணினார். மாமன் மச்சான் பெயரெல்லாம் போட்டு, மணமக்களுக்கு இடமில்லாமல் போன கல்யாணப் பத்திரிகைதான்! 1999 ஜூலையில் பல்கலைக்கழகமே விளம்பர நிபந்தனையை நீக்கியது. நிரலோடு பதிப்புரிமைக் குறிப்பு போகவேண்டும் என்பதை மட்டும் விடவில்லை.

அமெரிக்கத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்திலும் கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பே. தம்பியின் ரசீதில் வரும் தமிழ் எழுத்துக்கு நோட்டோ தமிழ் போன்ற எழுத்துருவைச் சேர்த்திருந்தால், அதற்கும் உரிமம் உண்டு. மென்பொருளோடு சேர்த்து விற்கலாம், தனியாக விற்கக்கூடாது, குறிப்பு கூடவே போகவேண்டும்.

வேலை பெரிதல்ல. எந்த நிரல், யாருடைய பதிப்புரிமை, முழு உரிம வாசகம் ஆகியவற்றை ஒரே கோப்பில் தொகுத்து மென்பொருளோடு வைத்தால் பெரும்பாலும் போதும். ஜிபிஎல் உரிமம் என்றால் மூலநிரலையும் தரவேண்டும். அல்லது கேட்டால் தருவதாக, குறைந்தது 3 ஆண்டு செல்லும் எழுத்துப்பூர்வ உறுதி வேண்டும்.

"ஏற்கெனவே விற்றதற்கு?" என்றார் தம்பி. பழைய வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் அந்தக் கோப்பை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள் என்றேன்.