மார்பகக் குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் தோல் சிவத்தல்

மார்பகக் குறைப்புச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்ணின் வெட்டுக்காயத்தை ஒட்டியோ மார்பகத் தோலின் வேறு பகுதியிலோ காணப்படும் நிறமாற்றத்தைத் தோல் சிவத்தல் என்பர். சொல் சற்று ஏமாற்றக்கூடியது. மருத்துவ நூல்களின் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. இலங்கையின் பதுளை மாவட்டத்தில் பசறை, மடுல்சீமை, நமுனுகுல, தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பெண்களின் மாநிறத்திலும் கருநிறத்திலும் அழற்சி செக்கச் சிவந்து காட்டாது. ஊதாவாகவோ கருங்கபிலமாகவோ தெரியும், சில வேளை தோல் இழுபட்டு மினுங்குவதோடு நின்றுவிடும். "சிவக்கவே இல்லையே மிஸ்ஸி" என்று கிளினிக்கில் தாதியிடம் சொல்பவருக்குக்கூட உள்ளே கிருமித்தொற்று முற்றியிருக்கலாம். எனவே கண்ணைவிடக் கையை நம்புவது மேல். புறங்கையை வைத்துப் பார்த்தால் ஓரிடம் மட்டும் சுடுகிறதா, அழுத்தினால் நோகிறதா, தோல் கெட்டிப்பட்டிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் இரண்டு மார்பகமும் ஒரே நாளில் வெட்டப்படுவதால் ஒன்றை மற்றதோடு ஒப்பிடவும் வழியுண்டு.

இந்தச் சத்திரசிகிச்சையை அழகுக்கானது என்று ஒதுக்குவது சரியில்லை. கழுத்துவலி, தோளில் உள்ளாடைப் பட்டி பதிந்த பள்ளம், மார்பின் அடிமடிப்பில் ஆறாத வேர்வைப்புண் ஆகியவையே பலரை இதற்குக் கொண்டுவருகின்றன. தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துக்கூடை சுமப்பவரின் கழுத்துவலிக்கு எல்லாரும் கூடையைத்தான் காரணம் சொல்வார்கள். முன்பக்கத்துப் பாரம் கணக்கில் வருவதே இல்லை.

வெட்டு பெரும்பாலும் நங்கூர வடிவில் அமையும்: முலைக்காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து நேர்கீழே ஒரு கோடு, அடிமடிப்பை ஒட்டிக் குறுக்கே ஒரு கோடு. அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் ராபர்ட் வைஸ் 1956இல் வெளியிட்ட அளவு வரைவே இதற்கு அடிப்படை. நேர்கோடும் குறுக்குக்கோடும் சந்திக்கும் முனையில் மூன்று தோல் விளிம்புகள் இழுத்துத் தைக்கப்படுகின்றன. இழுவை அங்கேதான் அதிகம், இரத்த ஓட்டம் அங்கேதான் குறைவு. முதலில் நிறம் மாறுவதும் தையல் விடுவதும் பெரும்பாலும் அந்த முனையில்தான். அது மார்பின் அடியில் மறைந்திருப்பதால் கண்ணாடி இல்லாமல் தானே பார்க்க முடியாது.

முதல் சில நாட்களில் தையலோரம் மெல்லிய கோடாகச் சிவந்திருப்பது ஆறுவதன் அடையாளம். அது நாளுக்கு நாள் மங்க வேண்டும். பிளாஸ்டர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வரும் சிவப்பு வேறு மாதிரி: ஒட்டிய வடிவத்திலேயே பெட்டி போல நிற்கும், அரிக்கும், அநேகமாக இரு பக்கமும் வரும், பிளாஸ்டரை மாற்றினாலே அடங்கத் தொடங்கும். தொற்று பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் தொடங்குகிறது. சில நாட்கள் கழித்து, இரண்டு வாரத்துக்குள் தலைகாட்டுவது வழக்கம். ஸ்டாபிலோகொக்கஸ், ஸ்ட்ரெப்டோகொக்கஸ் வகைக் கிருமிகள் தோலுக்கடியில் பரவும்போது சூடும் வீக்கமும் வலியும் சேர்ந்து கூடும், காய்ச்சல் வரும், சீழ் கசியும். நிறம் மாறிய இடத்தின் எல்லையைப் பேனாவால் கோடிட்டு வைத்தால், சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்கலாம். தாண்டினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. முலைக்காம்பு கருநீலமாகிக் குளிர்ந்துபோனால் அது தொற்றன்று, இரத்தம் எட்டாத நிலை. உடனே சத்திரசிகிச்சை நிபுணர் பார்க்க வேண்டியது.

வாரங்கள் கழித்துச் சிறு பருப்போல எழுவது பல வேளை கரையாத தையல் நூலின் வேலை. மாதக்கணக்கில் கட்டியாகக் கெட்டிப்பட்டு மேலே சிவப்பது கொழுப்புத் திசு இறந்ததனால் இருக்கலாம். மருந்துக்கு அடங்காத சிவப்பில், அரிதாக, அழற்சி வகை மார்பகப் புற்றுநோயையும் நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

தோட்டத்தில் காயம் ஆறுவதைக் கெடுப்பவை சில உண்டு. வெற்றிலையோடு போடும் புகையிலை அவற்றில் முதன்மையானது. அதிலுள்ள நிக்கொட்டின் இரத்தக்குழாய்களைச் சுருக்கும். பீடி பிடிக்காத பெண்ணிடம் "புகைப்பதுண்டா" என்று மட்டும் கேட்டால் இந்தப் புகையிலை விடுபட்டுப்போகும். இன்னொன்று ஒத்தடம். அப்புத்தளை, பண்டாரவளைக் குளிரில் வலிக்குச் சுடுதண்ணீர்ப் போத்தல் வைப்பது இயல்பு, ஆனால் வெட்டிய மார்பகத்தோல் பல மாதம் மரத்துக் கிடக்கும். சூடு உறைக்காமலே கொப்புளித்துவிடும். மஞ்சளைக் குழைத்துப் பூசினால் நிறமே மறைந்துபோகும், பிறகு எந்த வைத்தியரும் சிவப்பைப் பார்க்க முடியாது.

சத்திரசிகிச்சை கண்டியிலோ கொழும்பிலோ நடந்திருந்தாலும் சிவப்பு தெரியவருவது தொழிலாளர் குடியிருப்பான லயத்து அறையில்தான். தோட்டத்து வைத்திய உதவியாளர் மருந்து கட்டலாம், ஆனால் பரவும் தொற்றுக்கு ஊசிமருந்தும் தேவைப்பட்டால் சீழ் வடிப்பும் வேண்டும். அதற்குப் பதுளை போதனா வைத்தியசாலை, தியத்தலாவை ஆதார வைத்தியசாலை போன்ற இடத்துக்கே போக வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை, 1990 என்ற எண்ணில் வரும் சுவசெரிய அம்புலன்ஸுக்கும் காசில்லை. மடுல்சீமையிலிருந்து பசறை வழியாக மலைப்பாதையில் இறங்கும் நேரத்தைத்தான் யாராலும் குறைக்க முடியவில்லை. போகும்போது சத்திரசிகிச்சை செய்த வைத்தியசாலை கொடுத்த டயக்னோசிஸ் கார்டை மறக்காமல் கொண்டுபோக வேண்டும். எந்த நாளில் எந்த முறையில் வெட்டினார்கள் என்பது அதில்தான் இருக்கும்.

பாரம் தூக்காமல் இருக்கச் சொல்லும் நான்கு முதல் ஆறு வாரங்கள்தான் கொழுந்தெடுப்பவருக்குப் பெரிய சிக்கல். மலைக்குப் போகாத நாளுக்குப் பேர், அதாவது நாட்சம்பளம், விழாது. கொழுந்தின் எடை குறைந்தால் அரைப்பேர். முன்கூட்டியே போய்க் கையை நீட்டி நீட்டிக் கொழுந்தெடுத்தால் அடிமடிப்பு முனை இழுபடுகிறது, நனைந்த சட்டை உரசுகிறது. தையல் விட்டு வருபவரிடம் கிளினிக்கில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எப்போது கூடை தூக்கினீர்கள் என்பது.

காயம் நன்றாக ஆறியபின்னும் கருநிறத் தோலில் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். சூடோ வலியோ இல்லாத அந்தக் கறுப்புக்கு அன்டிபயோட்டிக் தேவையில்லை. தழும்பு தடித்து எழுந்து அரித்தால் மட்டும் மீண்டும் கிளினிக்குக்குப் போகலாம்.