இதயத்துத் துளையும் ஒற்றைத் தலைவலியும்

கருவிலுள்ள குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. தாயிடமிருந்து ஆக்சிஜன் பெற்று வரும் ரத்தம் இதயத்தின் வலது மேலறையிலிருந்து இடது மேலறைக்கு நேரே கடக்க, இடைச்சுவரில் ஃபொராமென் ஓவேல் என்ற வழி உண்டு. பிறந்து மூச்சு இழுத்ததும் இடப்பக்க அழுத்தம் கூடி, கதவு போன்ற மெல்லிய மடிப்பு அதை அடைத்து, நாளடைவில் சுவரோடு ஒட்டிவிடும். ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு அது முழுதாக ஒட்டுவதில்லை. அவர்களில் பெரும்பாலோர் அதை அறிவதேயில்லை.

காலிலுள்ள சிரையில் உறைந்த ரத்தக்கட்டி இவ்வழியே மூளைக்குப் போகக்கூடும் என்பதை ஜெர்மானிய நோயியல் அறிஞர் யூலியஸ் கோன்ஹைம் 1877இல் எடுத்துக்காட்டினார். உயிரோடிருப்பவரிடம் துளையைக் கண்டறிய எளிய சோதனை பிற்காலத்தில் வந்தது. உப்புநீரையும் சிறிது காற்றையும் இரண்டு சிரிஞ்சுகளுக்கிடையே மாற்றி மாற்றித் தள்ளி நுண்குமிழிகளாக்கி, கைச்சிரையில் செலுத்துவார்கள். நோயாளி மூச்சடக்கி முக்கி விடுவார். சில இதயத்துடிப்புகளுக்குள் இடது மேலறையில் குமிழிகள் மின்னினால் துளை இருக்கிறது என்று பொருள்.

இத்தகைய நுண்குமிழிகளின் துணையோடு இத்தாலிய மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வு தலைவலிப் பக்கம் கவனத்தைத் திருப்பியது. கண்முன் ஒளிக்கோடுகள் போன்ற முன்னறிகுறிகளோடு ஒற்றைத் தலைவலி வருவோரில் 48 சதவீதத்தினருக்கும், முன்னறிகுறி இல்லாதோரில் 23 சதவீதத்தினருக்கும், தலைவலி இல்லாதோரில் 20 சதவீதத்தினருக்கும் துளை இருந்தது. நுரையீரல் வடிகட்ட வேண்டிய செரோடோனின் போன்ற பொருள்களோ நுண்கட்டிகளோ துளை வழியே மூளையை எட்டித் தலைவலியைத் தூண்டலாம் என்று கருதப்பட்டது.

பிரிட்டிஷ் இதய மருத்துவர் பீட்டர் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் 2000இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை நம்பிக்கையை வளர்த்தது. ஆழ்கடல் முக்குளிப்பால் வரும் நோய், பக்கவாதம் போன்ற காரணங்களுக்காகத் துளை அடைக்கப்பட்ட 37 பேரில் 21 பேருக்கு முன்பு ஒற்றைத் தலைவலி இருந்தது. அவர்களில் 10 பேருக்கு அது நின்றது. 8 பேருக்குக் குறைந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சை பெறாத குழு அதில் இல்லை.

அக்குறையைப் போக்க வந்தது பிரிட்டனில் நடந்த மிஸ்ட் ஆய்வு. 147 பேரில் ஒரு பாதியினருக்குத் துளையை அடைக்கும் சாதனம் பொருத்தப்பட்டது. மறுபாதியினருக்கு மயக்க மருந்து கொடுத்துத் தொடையிடுக்குத் தோலில் மட்டும் கீறல் போடப்பட்டது. 2008இல் வெளியான முடிவின்படி இரு குழுக்களிலும் தலா 3 பேருக்கே தலைவலி முற்றிலும் நின்றது. சிலருக்குத் துளை சரிவர மூடவில்லை என்று, ஆய்வில் பங்குகொண்ட வில்ம்ஸ்ஹர்ஸ்ட் வெளிப்படையாகச் சொன்னார். சாதனத்தைத் தயாரித்த நிறுவனம் அவர்மேல் அவதூறு வழக்குத் தொடுத்தது. 2011இல் நிறுவனம் மூடப்பட்டதோடு வழக்கும் முடிந்தது.

பின்வந்த பிரைமா (2016), பிரீமியம் (2017) ஆய்வுகளும் தம் முதன்மை இலக்கை எட்டவில்லை. பிரீமியத்தில் துளை அடைக்கப்பட்டோரில் 8.5 சதவீதத்தினருக்குத் தலைவலி அறவே நின்றது. மற்ற குழுவில் அது 1 சதவீதமே. முன்னறிகுறியோடு அடிக்கடி தலைவலி வருவோருக்கு மட்டும் பலன் இருக்கலாம் என்ற எண்ணம் இதனால் உயிரோடிருக்கிறது.

காரணம் தெரியாத பக்கவாதம் மீண்டும் வராமல் தடுக்க, தகுந்த நோயாளிகளுக்குத் துளையை அடைப்பது இன்று ஏற்கப்பட்ட சிகிச்சை. ஒற்றைத் தலைவலி ஒன்றுக்காகவே துளையை அடைப்பது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.